வேண்டாமென்று விட்ட வண்டி

ஊஞ்சப்பாளையத்தில் சொத்துப் பிரிக்கும்போது மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூறு போடுகிறவன் மனசு கோணாமல் இருப்பதற்காக யாரோ எப்போதோ ஏற்படுத்திவைத்த அந்த வழக்கம் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் தென்னைக்கும் மாட்டுக்கும் செல்லுபடியானதுபோலவே வீட்டுவண்டிகளுக்கும் செல்லுபடியாயிற்று, அதனால் வசந்தாமணி ஆசைப்பட்டது அப்படியே அவள் கைக்கு வந்தும் அவள் ஏமாந்துபோனாள்.

அந்த ஊரில் ஆண்பிள்ளைகள் மீசை அரும்பியதும் போர்வண்டி ஏறிவிடுவார்கள். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற அந்த வண்டிகள் ஊரை விட்டுக் கிளம்பினால் ஆந்திரம், ஒரிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று யார் யார் காட்டிலோ துளை போட்டுக்கொண்டே போய், மழைக்காலத்துக்குத்தான் திரும்பி வரும். வண்டிக்கடியில் படுத்து வண்டிக்கடியில் உண்டு பழகிய ஆண்கள் அந்த ஒன்றிரண்டு மாதமும் வீட்டுக் கூரையைப் பார்த்துத் தூக்கம் வராமல் கிடப்பார்கள். பெண்கள் மற்ற மாதங்களெல்லாம் போனை எடுத்ததும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "இப்ப எங்கெ இருக்கறீங்க?" ஏதோ ஒரு பெயர் சொல்லப்படும். அந்தப் பெயருள்ள ஊரை அவர்கள் புடவை நிறத்தை வைத்தோ சாப்பாட்டின் மணத்தை வைத்தோ தாங்களாகவே கட்டிக்கொள்வார்கள். வசந்தாமணி அப்படி வடநாடு முழுவதையும் அடுப்படியில் உட்கார்ந்தே கட்டி முடித்திருந்தாள்.

அவள் கணவன் அர்த்தநாரியும் கொழுந்தன் செங்கோட்டுவேலுவும் கூட்டாக ஓட்டிய போர்வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கப்போகிறோம் என்று சொன்ன அன்று, வேலுவின் மனைவி குணசுந்தரிதான் முதலில் சிரித்தாள்.

"நீங்க வீட்டோட இருங்க. நாங்க கெளம்பறோம்."

அந்தச் சிரிப்பிலிருந்துதான் வீட்டுவண்டி வந்தது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற மாதிரி, உள்ளே படுக்கையும் அடுப்பும் சன்னலும் வைத்து, ஆளுக்கொன்று. போர்வண்டிகளுக்குக் கூண்டு கட்டுகிற அங்கமுத்து மேஸ்திரியின் பட்டறையில் இரண்டு அச்சுகள்தான் கையிருப்பில் இருந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஆகவே ஒரு வண்டி பெரியது, ஒரு வண்டி சின்னது என்று ஆயிற்று. ஆகவே கூறு போட வேண்டி வந்தது.

அங்கமுத்து மேஸ்திரி எந்த வண்டியையும் தகரம் வெட்டுவதற்கு முன்னால் பட்டறைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் அதன் அளவுக்குக் கோடு போடுவார். சொந்தக்காரர்களை அந்தக் கோட்டுக்குள் நிறுத்தி, நடக்கச் சொல்லி, படுக்கச் சொல்லி, சண்டைகூடப் போடச் சொல்லி, கோட்டை மிதிக்கிறார்களா என்று பார்ப்பார். அன்றைக்கு இரண்டு கட்டங்கள் போட்டார்.

பெரிய கட்டத்தில் அர்த்தநாரி ஒரு மூலையிலும் வசந்தாமணி ஒரு மூலையிலும் நின்றார்கள். "தண்ணி குடுன்னு கேட்டுப் பாருங்க" என்றார் மேஸ்திரி. அர்த்தநாரி வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு, போர் ஓடும்போது ஆட்களைக் கூப்பிடும் குரலில், "தண்ணீ!" என்றான். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னக் கட்டத்தில் வேலுவும் குணசுந்தரியும் நின்றபோது கோட்டை மிதிக்காமல் இருக்க ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் திரும்பினால் அவனும் திரும்ப வேண்டியிருந்தது. அவன் தண்ணி கேட்பதற்கு உதட்டை அசைத்தால் போதுமாயிருந்தது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கடைசியில் கோடு முழுவதையும் அழித்துவிட்டார்கள்.

"சின்னவங்கதான் மொதல்ல எடுக்கோணும். எதுங்கம்மணி வேணும்?" என்று மேஸ்திரி கேட்டார்.

பெரியது போய்விடும் என்று வசந்தாமணிக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து குணசுந்தரிக்கு நல்ல தென்னை, நல்ல கிணறு, கிழக்குப் பார்த்த வாசல் என்று எல்லாமே இந்த வழக்கத்தால்தான் போயிற்று. போகட்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்களுக்குச் சின்னது போதுங்க" என்றாள் குணசுந்தரி, இன்னும் சிரிப்பு அடங்காமல். "பெருசை அக்கா வெச்சுக்கட்டும்."

அந்த நொடியில் பெரிய வண்டி, இன்னும் கட்டப்படாத வண்டி, வசந்தாமணியின் கண்ணெதிரே இன்னொருத்தி வேண்டாமென்று விட்ட வண்டியாகிவிட்டது. சின்னதில் ஏதோ இருக்கிறது என்று அவள் நினைத்தாள். இல்லாவிட்டால் விடுவாளா.

வண்டிகள் கட்டி முடிந்தபோது அந்தப் பட்டறை வழக்கப்படி மேஸ்திரி வண்டிக்கொன்றாக இரண்டு பூதமுகங்கள் செய்துவைத்திருந்தார்: தகரத்தில் வெட்டி, கோரைப்பல்லும் தொங்கும் நாக்கும் உருட்டு விழியுமாக வர்ணம் அடித்தவை, ஊர்க்கண் வண்டிமேல் படாமல் தங்கள் மேல் வாங்கிக்கொள்பவை. குணசுந்தரி தன்னுடையதைப் பார்த்துவிட்டு ஒதுக்கினாள்.

"வேண்டாங்க மேஸ்திரி. அதும் மொகரையப் பாத்தா எங்க மாமியா ஞாபகம் வருது. ஊர் பூரா நாக்கை நீட்டிக்கிட்டுப் பின்னாடியே வந்துருவாங்க."

"அப்ப ரெண்டையும் எங்குளதுல அடிச்சுருங்க" என்றாள் வசந்தாமணி. "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

மேஸ்திரி சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஒரு வண்டிக்கு ரெண்டு மொகம் ஆவாதுங்க அம்மணி. கண்ணு நிக்காம வழுக்கீரும். பக்கத்துல எது நிக்குதோ அதும்மேல போயி ஒட்டிக்கும்."

"வழுக்கட்டும். எம்பட வண்டி மேல ஒரு கண்ணும் படவேண்டாம்."

மேஸ்திரி அடித்துக் கொடுத்தார்.

அப்படியே ஆயிற்று. இரண்டு வண்டிகளையும் ஊருக்குள் இழுத்து வந்த அன்று, மாரியம்மன் கோயில் முனையிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் நின்று பார்த்த சனங்களில் ஒருவர்கூடப் பெரிய வண்டியைப் பார்க்கவில்லை. அது யானை மாதிரி அசைந்து வந்தது. அதற்கு எட்டுப் படுக்கையும் இரட்டை அடுப்பும் கூரைமேல் ஏறிப் படுக்க ஏணியும் இருந்தன. சனங்களின் பார்வை அதன் மேல் விழுந்து, எண்ணெய்ப் பலகையில் விழுந்ததுபோல வழுக்கி, பின்னால் வந்த சின்ன வண்டியில் போய் நின்றது. "அடடா, குருவிக்கூடாட்டம் இருக்குது பாரு" என்றார்கள். "குடுத்து வெச்சவ" என்றார்கள். இரண்டாம் நாளே பெரிய வண்டியின் ஏணியில் யாரோ ஈரத்துணி காயப்போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "சுவருன்னு நெனச்சுட்டனுங்க" என்று பக்கத்துவீட்டுக்காரி மெய்யாகவே வருந்தினாள்.

முதல் பயணம் ராமேசுவரத்துக்கு. எட்டுப் படுக்கை இருக்கிறது என்பதால் அர்த்தநாரி தன் அக்காவையும், அக்காளின் சம்பந்தியையும், சம்பந்தியின் முழங்கால்வலிக்காரத் தம்பியையும், இன்னும் யார் யாரையோ ஏற்றிக்கொண்டான். இரட்டை அடுப்பு வண்டியின் பின்கோடியில் இருந்தது. வசந்தாமணி போகும்போது புளிசாதமும் வரும்போது தக்காளிசாதமும் செய்தாள். அடுப்புக்கு மேலிருந்த சன்னலை ஒரு பூதமுகத்தின் பின்புறத் தகரம் மறைத்திருந்ததால், கடல் வந்தது என்று முன்னாலிருந்து எல்லோரும் கத்தியபோது குக்கர் விசிலுக்கு நடுவே அதன் சத்தத்தை மட்டும் கேட்டாள். அர்த்தநாரி முன்கோடியிலிருந்து இரண்டு முறை அவளிடம் பேசினான். இரண்டு முறையும் "தண்ணீ!" என்றான்.

சின்ன வண்டியும் அதே கடலுக்குப் போய்வந்தது. குணசுந்தரி மூக்குத் தோல் உரிந்து, காலெல்லாம் மணலோடு வந்து அடுப்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"என்னக்கா எடம் அது, எடமா? ராத்திரி நான் திரும்பிப் படுத்தா அவரும் திரும்பிப் படுக்கோணும். இல்லாட்டி ஒருத்தரு கீழ விழுந்துருவோம். தூக்கத்துல மறந்து நாம் பாட்டுக்குத் திரும்பீட்டன், மனுசன் தொபுக்கடீர்னு விழுந்துட்டு, 'எந்த ஊரு வந்துருச்சு?'ன்னு கேக்கறாரு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வசந்தாமணியும் சிரித்தாள். குணசுந்தரி போன பிறகு அவள் கொல்லைப்பக்கம் போய், மதில்சுவருக்கு அந்தப்பக்கம் வேலு வீட்டில் நின்ற சின்ன வண்டியை, துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று, பொழுது இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது. அப்படி எரியும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ஒருவன் தூக்கத்தில்கூட மனைவி திரும்புகிற பக்கம் திரும்ப வேண்டியிருக்கும் ஓர் இடம் இந்த உலகத்தில் இருந்திருக்கிறது, அதைத் தன் முன்னாலேயே தரையில் கோடு போட்டுக் காட்டினார்கள், தானோ பெரிய கட்டத்தில் போய் நின்றாள்.

காலையில் சின்ன வண்டி ஒரு சாண் வளர்ந்திருந்தது.

"வெயிலுக்குத் தகரம் விரியும்ல அண்ணி" என்றான் வேலு. அடுத்த வாரம் அது இன்னொரு முழம் வளர்ந்தது, மழைக்கு மரம் உப்பும் என்றான். அதன்பின் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு அண்டையாகக் கல் எடுத்து வைத்தான். ஊர் அவனைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டது. கண் பட்டால் பயிர் கருகும், பால் சுண்டும், குழந்தை மெலியும் என்று தெரிந்திருந்த சனங்களுக்குக் கண் பட்டால் வண்டி வளரும் என்பது அதிகப்படியான செய்தியாகத் தோன்றவில்லை. கேபிள்காரர் தானாகவே வந்து ஒயரை உயரத் தூக்கிக் கட்டினார். திரைச்சீலை தைத்துக்கொடுத்த தையல்காரர், வளரும் பிள்ளைகளுக்குப் பாவாடை தைப்பதுபோல உள்மடிப்பு நிறைய விட்டுத் தைத்தார். நல்ல மனசுக்காரர்கள் அந்த வீட்டைக் கடக்கும்போது குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் நின்று பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் மெல்ல மெல்ல உரிமை கொண்டாடவும் ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருடைய பொறாமைக்கும் ஒவ்வொரு வாகு இருந்தது. எங்கே எது முளைக்கிறது என்பதில் அது தெரிந்தது. வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் குடியிருந்த ராமலிங்க வாத்தியார் பார்த்துப் பெருமூச்சு விட்ட மறுநாள் தெற்குப்பக்கம் ஒரு புத்தக அலமாரி முளைத்தது. பூக்காரி பார்த்ததில் ஒரு ஆளுயரக் கண்ணாடி வந்தது. பேருந்து நிற்குமிடத்தில் இதுவே பேச்சானது.

"அந்த வடக்குச் சன்னல் இருக்குதே, அது நான் வயிறெரிஞ்சதுல வந்ததாக்கும்."

"உன்ற வயித்தெரிச்சலுக்குச் சன்னலா? கதவுப் பிடிகூட வராது. அது என்ற சம்சாரம் எரிஞ்சது."

"ஏன் கவுண்டரே, நீங்க ஒண்ணும் எரியலீங்களா?"

"நமக்கெதுக்கு. நம்ம பங்குக்கு ஒரு கக்கூசு வந்துருக்குது, போதும்."

வசந்தாமணி பார்த்ததில் என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். அவள் பார்த்ததில் சாமான் எதுவும் வரவில்லை. வண்டியின் நடுவில், இரண்டு பேரும் ஒட்டிப் படுத்திருந்த அந்த ஒற்றைப் படுக்கை மெதுவாக இரண்டாகப் பிளந்து, இடையில் ஒரு நடை வந்தது. அவள் பார்க்கப் பார்க்க நடை அகலமாயிற்று.

வேலு குணசுந்தரிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். சத்தீஸ்கர் பக்கம் ஒரு மலைமேல், கல்யாணமான வருசம் அவன் தோண்டிய கிணற்றில், மோட்டார் வைக்காமலே தண்ணீர் தானாகப் பொங்கி இன்றைக்கும் வழிந்துகொண்டிருக்கிறதாம். அதற்குப் போகிற சாலை, எதிரில் ஒரு எருமை வந்தால் வண்டிதான் பின்னுக்குப் போக வேண்டிய சாலை. சின்ன வண்டி என்றால் போய்விடலாம்.

"தை பொறந்ததும் போலாங்கறாரு" என்றாள் குணசுந்தரி. "இன்னும் வளராம இருந்தாப் போதுங்க்கா. வளர்ந்துச்சுன்னா அந்த வளைவுல திரும்பாதாமா."

அப்போதுதான் வசந்தாமணிக்குத் தன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றாள். அர்த்தநாரியும் ஒரு கிணற்றைப் பற்றி எப்போதாவது இப்படிச் சொல்லியிருக்கிறானா என்று யோசித்தாள். எத்தனையோ கிணறுகளில் ஒன்றுகூட அவள் காதுக்கு வரவில்லை. குணசுந்தரி அந்த மலைமேல் நின்று, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பொங்குகிற தண்ணீரில் காலை வைப்பதை நினைத்தாள். நினைத்துக்கொண்டே பார்த்தாள். வீட்டுக்குள் போனாலும் கண் அங்கேயே இருந்தது. தை பிறந்தபோது சின்ன வண்டி இருந்த இடத்தில், மதில்சுவரை இடித்துக்கொண்டு, வேப்பமரத்தை ஒரு சன்னல் வழியாக உள்ளே வாங்கி இன்னொரு சன்னல் வழியாக வெளியே விட்டுக்கொண்டு, கல்யாண மண்டபம் போன்ற ஒன்று நின்றது. அதை இழுக்க எந்தக் காராலும் முடியவில்லை. போர்வண்டி ஒன்றைக் கட்டி இழுத்துப் பார்த்ததில் போர்வண்டியின் கொக்கிதான் கழன்றுவந்தது.

யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஊர் கூடிப் பேசி, அந்த வீட்டுக்கு முன்னால் தெருவைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டது.

வேலுவும் குணசுந்தரியும் அதற்குள்ளேயே இருந்தார்கள். வாத்தியாரின் அலமாரிப் பக்கம் அவன் படுத்தான், பூக்காரியின் கண்ணாடிப் பக்கம் அவள் படுத்தாள். நடுவில் நடை கிடந்தது. ஒருநாள் வசந்தாமணி மோர் கொடுக்கப் போனபோது, குணசுந்தரி நடையின் நடுவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எங்கெ இருக்கறீங்க?" என்று அவள் கேட்டாள். மறுமுனையில் வேலு ஏதோ சொன்னான். "அது எந்தப் பக்கம்? சோறு ஆறுதுங்க" என்றாள்.

வசந்தாமணி மோர்ச்சொம்பை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஒரே கூரைக்கடியில் இருக்கிறவனிடம் ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டு அவள் பார்த்தது அதுதான் முதல்முறை. திருப்தியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். திருப்தியாகத்தான் இருந்தது, கொல்லைக் கதவைத் தாண்டுகிற வரைக்கும்.

பெரிய வண்டி சிறுத்துக்கொண்டு வந்ததை அவள் முதலில் கவனிக்கவில்லை. யாருமே அதைப் பார்ப்பதில்லை என்பதால் யாருமே கவனிக்கவில்லை. பங்குனியில் அவள் தலை வண்டியின் வாசல்நிலையில் இடித்தது. அர்த்தநாரியின் அக்காள் திருச்செந்தூருக்குப் போகலாம் என்று ஏறிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, படுக்கை எட்டுன்னு சொன்னே, அஞ்சுதான இருக்குது?" என்றாள். பிறகு சம்பந்தி கோபித்துக்கொண்டார். பிறகு முழங்கால்வலிக்காரர் காலை நீட்ட இடமில்லை என்று வராமல் நின்றார். கூரை ஏணி எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை. இரட்டை அடுப்பு ஒற்றை அடுப்பாயிற்று. சித்திரை முடியும்போது வண்டியின் முன்னும் பின்னும் பூதமுகங்கள் சுளகு மாதிரி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றன. அங்கமுத்து மேஸ்திரி அந்த வழியாகப் போனவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாக்க ஆளில்லாட்டி எதுதானுங்க சூம்பாது" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

வசந்தாமணி உள்ளே எட்டிப் பார்த்தாள். எதிரெதிராக இரண்டு பலகைகள் இருந்தன. இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்.

அந்த வாரம்தான் குணசுந்தரி வந்தாள். சிரிக்காமல் வந்தாள், அடுப்படியில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா வெய்யக்கூடாது."

"சொல்லு புள்ள."

"அந்தப் பூதமொகத்துல ஒண்ணைக் குடுங்க்கா. அன்னைக்கே வாங்கியிருக்கோணும், எனக்குத்தான் கொழுப்பு. இனி ஒரு அடி வளர்ந்தாலும் எனக்குத் தாங்காது. நேத்து அவரை நாள் பூராத் தேடி, கடைசியில பின்னாடி பொடக்காலில புடிச்சேன். மனுசன் எளைச்சிருக்கறாரு, அதுகூட எனக்குத் தெரியல."

வசந்தாமணி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். அவள் எதுவும் யோசிக்காததுபோல வெளியே நின்ற வண்டியை ஒரு தடவை பார்த்தாள்.

"ஒண்ணு எதுக்கு? ரெண்டையும் எடுத்துக்கோ."

"அய்யோ, ரெண்டுமா? அப்ப உங்குளதுக்கு?"

"எங்குளது என்ன, கோழிக்கூண்டாட்டம். இதைப் போயி எவ பாக்கப்போறா." குறடு ஒன்றை எடுத்து அவளே போய் ஆணிகளைப் பிடுங்கினாள். துருப்பிடித்த ஆணிகள் கிறீச்சிட்டன. தகரத்தைக் கையில் கொடுக்கும்போது குணசுந்தரி அழுதுவிட்டாள்.

"நீங்க மூத்தவங்கறதுக்கு இதுதாங்க்கா அத்தாட்சி."

"போ, போ. அழுதுகிட்டே சொமந்துக்கிட்டுப் போனாத் தகரம் கிழிச்சுரும்."

ஊரில் ஒரு மாதத்துக்கு அதுதான் பேச்சு. வாத்தியார் அதைப் பெருந்தன்மை என்றார். பூக்காரி ஒரு முழம் மல்லிகையைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள். மதில்சுவருக்கு அந்தப்பக்கம் மண்டபத்தின் முன்னும் பின்னுமாக இரண்டு பூதமுகங்களும் நாக்கை நீட்டிக்கொண்டு தொங்க, சனங்களின் பார்வை அதன் மேல் விழுந்து வழுக்கியது. சில வாரங்களில் அதன் சன்னல் கம்பிகளிலும் யாரோ துணி காயப்போட்டார்கள். அது வளர்வது நின்றது. ஓரிரு இடங்களில், வேப்பமரத்தின் பக்கமாக, லேசாக உள்வாங்கியும் இருந்தது. ஆனால் நடை குறையவில்லை. முளைத்ததில் அதுதான் கெட்டியானது.

பூதமுகங்களைக் கொடுத்த பிறகு வசந்தாமணி மூன்று நாள்தான் பொறுத்தாள். சின்னதாகிவிட்ட பெரிய வண்டியைக் கழுவி, பலகைகளுக்கு உறை போட்டு, எண்ணெய்ப் புகை பிடித்த சன்னலை, இப்போது தகரம் மறைக்காத அந்தச் சன்னலை, துணி கொண்டு துடைத்தாள். நாலாம் நாள் சாயங்காலம் வெயில் இறங்கி, மேற்கே எல்லாம் மஞ்சளாக இருந்தபோது, வீட்டு வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அர்த்தநாரியிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க. சித்தெ வண்டிக்குள்ள வந்து உக்காருங்க."

"எங்க போறோம்?"

"எங்கயும் போகல. சும்மா உக்காருங்க."

அவன் குனிந்து, தோளை ஒடுக்கி, பக்கவாட்டில் நுழைந்து உட்கார்ந்தான். அவள் எதிரில் உட்கார்ந்தாள். முழங்கால்கள் இடித்தன. அவன் காலை எடுக்கப் பார்த்தான். எடுத்து வைக்க வேறு இடம் இல்லை. அவன் மூச்சில் வெற்றிலை மணத்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வெவ்வேறு சன்னலைப் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதற்கு எதிரிலிருக்கும் முகம்தான் மிச்சமிருந்தது.

"தண்ணீ…" என்று அவன் பழக்கத்தில் உரக்க ஆரம்பித்து, அவள் காது அவ்வளவு பக்கத்தில் இருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டான். அப்புறம் தாழ்ந்த குரலில், அவளுக்கே புதிதான ஒரு குரலில் பேசினான்.

"போன்ல தெனமும் சாப்டீங்களான்னு கேப்பியல்ல."

"ஆமா."

"சாப்டேன்னு சொல்லுவேன். பாதி நாளு சாப்டிருக்கமாட்டேன். புழுதி பறக்கும், சோத்துல மண்ணு உழுவும், கொட்டீட்டு பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துக்குவேன். உங்கிட்டச் சொன்னா நீ சாப்பிடமாட்டீன்னு சொல்றதில்லை."

அவள் முழங்காலுக்கு எதிரில் அவன் முழங்கால் சூடாக இருந்தது.

"ஜெய்சல்மேர் பக்கம் ஒரு கெணறு" என்று அவன் தொடங்கினான். "எத்தனை ஓட்டியும் தண்ணி இல்லை. கடேசியில காத்து வந்துச்சு. வெறுங்காத்து. மணலுக்கு அடியில இருந்து, சில்லுன்னு. நாங்கெல்லாம் குழாய்க்கு மேல மொகத்தை வெச்சுப் படுத்துக் கெடந்தோம். அப்ப உன்னைய நெனச்சேன், இவளும் இருந்தா இதுல மொகத்தைக் காட்டுவாளேன்னு."

வசந்தாமணிக்குக் கண் நிறைந்தது. துடைப்பதற்காகத் தலையைத் திருப்பியபோதுதான் பார்த்தாள். இடிந்த மதிலுக்கு அந்தப்பக்கம், மண்டபத்தின் வடக்குச் சன்னலில், அத்தனை பெரிய சன்னலின் ஒரு மூலையில், குணசுந்தரி நின்றுகொண்டிருந்தாள். கையில் போன் இருந்தது. அதில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் காதில் வைக்க மறந்திருந்தாள். சின்னதாகிவிட்ட வண்டிக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த இரண்டு பேரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை வசந்தாமணிக்கு நன்றாகத் தெரியும். துவைக்கிற கல்லின் மேலிருந்து பார்க்கிற பார்வை அது.

வண்டியின் அடித்தகரம் எங்கேயோ ஒரு முறை முனகியது. பலகைகள் நகர்ந்தன. முழங்கால்களுக்கு நடுவில் ஓர் இழை வெளிச்சம் விழுந்தது, அவன் சூடு விலகியது.

"என்ன சத்தம்?" என்றான் அர்த்தநாரி.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க சொல்லுங்க."

அவள் கை சன்னலின் திரைச்சீலைக்குப் போனது. போய், அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றது. வாழ்நாளில் அவளை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. இன்னொரு முனகல் கேட்டது. நடுவில் இன்னொரு விரல் அகலம் வந்தது. அர்த்தநாரி குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு அந்தக் காற்றைப் பற்றித் தொடர்ந்து சொன்னான்.

அதன் பிறகுதான் அவள் திரையை இழுத்து மூடினாள்.